கல்லடிப் பாலமும் தூண்டில் றீலும்

மட்டக்களப்பிற்குச் செல்வோருட் பலர் பாடும் மீனின் இசையைக் கேட்கும் ஆசையோடு கல்லடிப் பாலத்தை நாடுகின்றனர். முழுநிலாக் காலத்தில், காற்றும் அலையும் அடங்கிய இரவில், துடுப்பின் ஒரு முனையை நீரில் அமிழ்த்தி மறுமுனையைக் காதோடு சேர்த்தால் அவ்விசை கேட்கும் என்பது ஊர் வழக்கு. நாமோ அங்குச் சென்றது மீனின் பாட்டைக் கேட்பதற்கன்று. மீனுக்காகக் காத்து நிற்போரின் கையிலுள்ள கருவியைக் காண்பதற்கு.

கல்லடியில் இரண்டு பாலங்கள் அருகருகே உள்ளன. பழையது 1924 இல் அமைந்த இரும்புப் பாலம். அக்காலத் தேசாதிபதியின் துணைவியார் பெயரால் லேடி மானிங் பாலம் எனப்பட்டது. ஒருபுறத்து வாகனங்கள் காத்து நிற்க மறுபுறத்து வாகனங்கள் செல்லும் ஒடுங்கிய வழி அது. 2013 இல் புதிய பாலம் திறக்கப்பட்ட பின்னரே அதற்கு இளைப்பாறக் கிடைத்தது. கீழே, ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவி கடலை நோக்கி மெல்ல நகர்கிறது. ஒரு கரையில் புளியந்தீவும் அதன் ஒல்லாந்தக் கோட்டையும். மறுகரையில் யாழ் நூல் தந்த விபுலாநந்த அடிகளின் சமாதி அமைந்த கல்லடி உப்போடை. வெயில் தாழ்ந்ததும் தூண்டிற்காரர் ஒவ்வொருவராக வந்து சேர்கின்றனர்.

எம்மை அங்கே அழைத்துச் சென்றவர் அயலிலுள்ள உயர்தர வகுப்பு மாணவர் மூவர். நெல் அறுவடைக் காலத்தில் வயலில் நின்றும், சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தும் ஈட்டிய பணத்தை ஒன்று சேர்த்து, மூவருக்குமாக ஒரு தூண்டில் றீல் வாங்க அவர்கள் எண்ணியிருந்தனர். ஒருவன் மீனவர் வீட்டுப் பிள்ளை. அவன் மாலையிற் பிடிக்கும் மீன் இரவில் அடுப்பேறும். கடையிலோ ஐந்தாறு வகை றீல்கள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு விலை. “சேர், நீங்கள் பௌதிகம் படிப்பிக்கிறவர். இதில் எது நல்லது?” என்று கேட்டனர். வெள்ளிதோறும் விரதம் காக்கும் ஆசிரியரிடம் மீன்பிடிக் கருவியைப் பற்றிக் கேட்கலாமோ என நகைப்போர் இருக்கலாம். மதுரை இறைவனே வலைஞனாகி வலை வீசினான் என்று திருவிளையாடற் புராணம் கூறும்போது, நாம் ஒரு றீலைப் புரட்டிப் பார்த்தால் குற்றமாகாது என்று துணிந்தோம். நம்மிடையே ‘றீல் விடுதல்’ என்பதற்கு வேறொரு பொருளுண்டு. மீன்பிடிப்போர் தாம் தப்பவிட்ட மீனின் நீளத்தைக் கைவிரித்துக் காட்டும்போது அவ்விரண்டு பொருளும் ஒன்றாகிவிடுவதையும் அன்று கண்டோம்.

பாலத்திலே முதலில் எம் கண்ணிற் பட்டவர் றீலே இல்லாத ஒரு முதியவர். அவர் கையில் இருந்தது வெறும் பால்மா டின். அதைச் சுற்றித் தங்கூசி. தங்கூசியின் நுனியில் ஈயக்குண்டும் முள்ளும் இறாலும். டின்னின் வாயை எறியும் திசைக்கு நேரே பிடித்து, ஈயக்குண்டைத் தலைக்குமேல் இரண்டு தரம் சுழற்றி விட்டார். டின் சற்றும் அசையவில்லை. தங்கூசி மட்டும் அதன் விளிம்பைத் தாண்டிச் சுருள் சுருளாகக் கழன்று ஓடி, ஈயம் வெகுதொலைவில் விழுந்தது. பின்னர் நூலைச் சுட்டுவிரலின்மேற் போட்டுக்கொண்டு பேசாமல் நின்றார். அந்த விரலின் முதற்கணுவிலே பழைய வெட்டுத் தழும்புகள் பல. “இதுக்கு எண்ணெயும் வேணாம், திருத்த ஆளும் வேணாம், சேர். மீன் இழுத்தா விரல் சொல்லும். மறுகா என்ன?” என்றார்.

அவர் பேச்சில் உண்மையுண்டு. தங்கூசி எனப்படும் நைலோன் இழை இரண்டாம் உலகப் போரை ஒட்டிய காலத்தில் வந்த பொருள். அதற்கு முன் பருத்தி, பட்டு, சணல் முதலியவற்றால் திரித்த நூல்களே தூண்டிலுக்கு உதவின. மெல்லியதாய், நீரிற் கண்ணுக்கு எளிதிற் புலப்படாததாய், ஊறி உக்காததாய் உள்ள நூல் கிடைத்தபின் ஒரு டின்னும் ஓர் அடி ஈயமும் ஏழையின் முழுமையான கருவியாயின. மணலை, ஓரா முதலிய நடுத்தர மீன்களைப் பாலத்தடியிலிருந்து எடுப்பதற்கு அதனினும் மேலான கருவி வேண்டும் என்று நாம் சொல்லத் துணியோம்.

எனினும் அந்த டின்னிலேயே நவீன றீலின் தத்துவம் அடங்கியிருக்கிறது என்பதை மாணவர்க்கு அங்கேயே காட்டினோம். வீட்டிலே தையல் நூற்கட்டை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நூலைப் பக்கவாட்டில் இழுத்தால் கட்டை உருள வேண்டும். வேகமாக இழுத்து உடனே நிறுத்தினால், கட்டை தன் வேகத்தில் இன்னும் உருண்டு நூலைக் குவித்துச் சிக்காக்கும். இனி, கட்டையை அசையாது பிடித்துக்கொண்டு நூலை அதன் தலைப்பக்கமாக இழுங்கள். கட்டை உருளாது, நூல் வளையம் வளையமாகக் கழன்று வரும், இழுப்பை நிறுத்தினால் நூலும் நிற்கும். தூண்டில் றீல்களின் பெரும் பிரிவு இரண்டும் இந்த இரண்டு வகை இழுப்புக்களே.

உருளும் வகையே தொன்மையானது. சீன ஓவியர் மா யுவான் ஏறத்தாழ 1195 இல் தீட்டியதாகக் கருதப்படும் ஓவியம் ஒன்றில், பனிக்கால ஏரியிலே சிறு தோணியில் தனித்திருக்கும் ஒருவனுடைய கம்பில் நூல் சுற்றும் உருளை தெளிவாகக் காணப்படுகிறது. இங்கிலாந்திலே லேஸ் பின்னலுக்குப் பெயர்பெற்ற நொற்றிங்காம் நகரத்து மரறீல்கள் 19 ஆம் நூற்றாண்டிற் புகழ் பெற்றிருந்தன. ஒரு முறை சுழற்றினால் உருளையும் ஒரு முறை சுழலும் எளிய அமைப்பு அவற்றினது. உருளா வகையை ஆக்கியவர் அல்பிரட் ஹோல்டன் இலிங்வேத் என்பவர். கம்பளி நூலாலைகள் நிறைந்த பிறாட்போட் நகரத்தவர். ஆலையின் நூற்கட்டையிலிருந்து நூல் தலைப்பக்கமாகக் கழலும் முறையைத் தூண்டிலுக்கு மாற்றி 1905 இற் காப்புரிமை பெற்றார். அவர் பெயரை எம் முதியவர் அறியார். ஆயின் அவர் டின் அந்த வித்தையையே செய்துகொண்டிருந்தது.

இன்று கடைக்காரர் ‘ஸ்பின்னிங் றீல்’ என்று எடுத்துத் தருவது இலிங்வேத்தின் வழிவந்ததே. அது கம்பின் கீழே தொங்கும். எறியும்போது கம்பிவளையத்தைத் திறந்துவிட்டால் நூல் உருளையின் விளிம்பால் தானே கழலும். எறிந்தபின் கைப்பிடியைச் சுழற்ற, வளையம் மூடிக்கொண்டு உருளையைச் சுற்றி வந்து நூலைச் சுற்றும். சின்னஞ்சிறு இரையையும் தொலைவில் எறியலாம்; கற்றுக்கொள்ள ஒரு மாலைப்பொழுது போதும்; இடக்கைப் பழக்கமுள்ளவன் கைப்பிடியை மறுபுறம் மாற்றிக்கொள்ளலாம். மூவர் மாறிமாறிப் பிடிக்கப் போகும் கருவிக்கு இது சிறிய நன்மையன்று.

பெட்டியில் 5.2:1 என்று அச்சிட்டிருப்பது என்னவென்று ஒரு மாணவன் கேட்டான். கைப்பிடியின் ஒரு சுற்றுக்கு வளையம் 5.2 சுற்று வரும் என்பது அதன் பொருள். உருளையில் நூல் நிறைந்த விட்டம் 5 செ.மீ. எனின், ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 82 செ.மீ. நூல் ஏறும். 30 மீற்றர் நூலை 37 சுற்றில் உள்ளே எடுக்கலாம். பத்துச் சென்ரிமீற்றர் விட்டமுள்ள டின்னிலோ அதே நூலைச் சுற்ற 95 சுற்று வேண்டும். ஆயினும் வேகம் கூடினால் இழுக்கும் வலு குறையும் என்பதும் பௌதிக விதியே. துவிச்சக்கர வண்டியிலே சமதரையில் விரைந்தோடும் பற்சில்லு மேட்டில் ஏறும்போது காலை வாட்டுவது போன்றது அது. எண் பெரிதென்று மயங்கி வாங்குவோர் இதை நினைவில் வைத்தல் நன்று. 2500, 4000 என்னும் எண்கள் றீலின் பருமனைக் குறிப்பன. அவையும் நிறுவனத்துக்கு நிறுவனம் சிறிது மாறும்.

இந்த வகைக்கு ஒரு குறையுண்டு. மீன் நூலை இழுத்தோடும்போது பதற்றத்திலே கைப்பிடியையும் சுழற்றிக்கொண்டிருந்தால், நூல் உள்ளே வராது. ஒவ்வொரு சுற்றுக்கும் முறுக்கு மட்டும் ஏறும். மறுநாள் அந்நூல் தானே சுருண்டு பிள்ளையின் தலைமயிர் போலாகிவிடும். அப்படிச் சிக்குண்ட தங்கூசியை வெட்டி வாவியில் எறிவது பெருங்கேடு. நீர்க்காகங்களின் காலிலும் சிறகிலும் அது மாட்டிக்கொள்ளும். வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டிய குப்பை அது.

மற்ற வகையைக் காண நாம் வாவியின் முகத்துவாரம் வரை செல்ல வேண்டியதாயிற்று. பாலமீன்மடுவில் 1913 இல் எழுந்த வெளிச்சவீடு இன்றும் நிற்கிறது. அதற்கப்பால் மணற்றிட்டு. வறண்ட மாதங்களிலே கடல் மணலைக் குவித்து வாயை அடைக்கும். மாரியில் வாவி பெருகி அதை உடைக்கும். அப்பாலுள்ள நாவலடி முதலிய கரையோரங்களை 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை வாரிச் சென்றது. அதற்கு முன்னும் பின்னும், 2009 இல் முடிந்த போரின் காலத்திலே, இரவில் நீரில் இறங்குவதற்குத் தடைகள் பல இருந்தன. தந்தையின் தோணியில் ஏறி அவர் கையைப் பார்த்தே பிள்ளை தொழில் கற்கும் வழக்கம் எத்தனையோ வீடுகளில் இடையறுந்து போயிற்று. எம் மாணவர் கடைப் பெட்டியின் அச்செழுத்தைப் படித்துத் தெளிய வேண்டியிருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று எமக்குத் தோன்றியது. மீனவர் வீட்டுப் பிள்ளையின் தந்தையும் இளமையில் வாவிக்குப் போகாமல் கூலிவேலைக்கே போனவராம்.

முகத்துவாரத்தில் இளைஞர் சிலர் ‘மல்ரிபிளையர்’ என்னும் றீலை வைத்திருந்தனர். அது கம்பின் மேலே அமர்வது. உருளை தானே சுழல்வது. அமெரிக்காவின் கென்ரக்கி மாநிலத்தில் பாரிஸ் என்னும் சிற்றூரிலே வாழ்ந்த ஜோர்ஜ் சினைடர் என்னும் கடிகாரத் தொழிலாளி 19 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே பற்சில்லுகளை அமைத்து, ஒரு சுற்றுக்கு உருளை பல சுற்றுச் சுழலும்படி இவ்வகையை ஆக்கினார். கடிகாரக்காரன் கைப்பட்ட பொருள் என்பது அதன் நேர்த்தியைப் பார்த்தாலே தெரியும். நூல் வளையாமல் நேராக ஏறுவதால் வலு மிகுதி. தடித்த நூல் நிறையக் கொள்ளும். ஓடும் படகின் பின்னே இரையை இழுத்துச் சென்று அறக்குளா, சூரை, பெரிய பாரை முதலியவற்றைப் பிடிப்பவனுக்கு இதுவே ஏற்றது.

ஆயின் கரையிலிருந்து எறிபவனுக்கு அது கடுமையான ஆசான். இரை நீரில் விழும் கணத்திற் பெருவிரலை உருளைமேல் வைத்து நிறுத்தாவிடின், நூற்கட்டைச் சோதனையிற் கண்டபடி உருளை சுழன்றுகொண்டே போகும். காந்தத் தடையும் பிற தடைகளும் இன்று வந்துள்ளன. அவை விரலுக்கு உதவுமேயன்றி விரலின் வேலையைச் செய்துவிடா. நாம் நின்ற அரைமணி நேரத்தில், எதிர்காற்றில் எறிந்த ஓர் இளைஞரின் றீலிலே தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று உண்டாயிற்று. அதைப் பிரிப்பதற்கு அவர் பொழுது சாயும்வரை குந்தியிருந்தார். பக்கத்தில் வீச்சுவலை எறிந்தவர் அதற்குள் மடவை பிடித்து முடித்துப் போய்விட்டார்.

மூடிய முகமும் பின்புறத்தே அழுத்தும் பொத்தானும் உடைய றீலொன்று சிறுவர்க்கென விற்கப்படுகிறது. எண்ணெய்க் கிணறுகளுக்கு வெடிகுண்டு செய்துவந்த, ஒக்லகோமா மாநிலத்துத் துல்சா நகர நிறுவனம் ஒன்று 1949 இல் இதனை விற்பனைக்கு விட்டது. நன்னீர்க் குளத்திற்கு நல்லது. உப்புநீர் உட்புகுந்தால் மூடிக்குள் கிடந்து அரிக்கும். வெள்ளையர் தோட்டத்துரைமார் நுவரெலியா ஓடைகளில் ட்றவுட் மீனுக்குப் பயன்படுத்திய ஈத்தூண்டில் றீலைப் பற்றி இங்கே பேச வேண்டியதில்லை. அதில் றீல் நூலை வைத்திருக்கும் பெட்டி மட்டுமே.

எந்த வகையாயினும், கடையில் எவரும் கவனியாத ஓர் உறுப்பே நாம் முதலிற் பார்க்கச் சொன்னது. ‘ட்றாக்’ எனப்படும் இழுவைத் தடை அது. ஸ்பின்னிங் றீலின் உருளைக்கு முன்னே ஒரு திருகு இருக்கும். உள்ளே வட்டத் தகடுகளும் கம்பளி அல்லது காபன் வட்டுகளும் அடுக்கப்பட்டுள்ளன. திருகை இறுக்கினால் அவை நெருங்கி உராய்வு கூடும், தளர்த்தினால் குறையும். மீனின் இழுப்பு அவ்வுராய்வை மீறும்போது உருளை சறுக்கி நூலைக் கொடுக்கும். முதியவரின் சுட்டுவிரல் செய்யும் தொழிலை இத்தகடுகள் செய்கின்றன. ஆகவே றீலின் தரம் அது எவ்வளவு விரைவாக நூலை எடுக்கிறது என்பதில் இல்லை. எவ்வளவு சீராகக் கொடுக்கிறது என்பதிலேயே உள்ளது. மலிவான றீலிலே தடை முதலிற் பிடித்துக்கொண்டு, பின்னர் ஒரேயடியாக விடுபடும். அந்தப் பிடித்த கணத்தில் நூல் அறும்.

இதனை அன்று கண்ணாரக் கண்டோம். இரவு ஏழு மணியளவில், இரவல் வாங்கிய றீலோடு நின்ற எம் மீனவர் வீட்டு மாணவனின் கம்பு திடீரென வளைந்தது. கொடுவா! பாலத்தூணை நோக்கிப் பாய்வது அதன் குணம். தூணிலே சிப்பி ஒட்டியிருக்கும். நூல் தொட்டால் அறுந்துவிடும். செவிள் மூடியின் ஓரமும் கத்தி போன்றது. அதனாலேயே முள்ளுக்கு அருகில் ஒரு முழம் தடித்த முன்நூல் கட்டுவர். பையன் திருகை இறுக்கக் கை கொண்டுபோனான். “விடு மனே, ஓடவிடு!” என்றார் முதியவர். றீல் கீச்சிட்டு நூல் ஓடிற்று. கம்பைப் பக்கவாட்டிற் சாய்த்து மீனின் தலையைத் தூணிலிருந்து திருப்பும்படி அவர் சொல்லிக்கொண்டிருந்தார். பத்து நிமிடத்தின்பின் மீன் மேலே வந்தது. நான்கு கிலோவுக்குக் குறையாது என்று பாலம் முழுவதும் ஒருமுகமாகத் தீர்ப்புக் கூறிற்று. தராசு எவரிடமும் இல்லை.

அந்த மீனை அவன் விற்றான். வீட்டிலே பாடசாலைச் செலவுக்குத் தேவையிருந்தது. நாம் அதைக் குறைகூற மாட்டோம். ஆயின் கொடுவாவைப் பற்றிய ஒரு செய்தியை மூவருக்கும் சொன்னோம். இம்மீன் பெரும்பாலும் ஆணாகவே முதிர்ந்து, சில ஆண்டுகளின் பின் பெண்ணாக மாறுவது. முட்டையிடுவது முகத்துவாரத்தை அண்டிய உப்புநீரில். மிகப் பெரிய கொடுவாக்கள் அனைத்தும் அனேகமாகத் தாய்மீன்களே. நாகப்பட்டினத்து அதிபத்த நாயனார் நாள்தோறும் தம் வலையில் அகப்பட்ட மீன்களுள் ஒன்றைச் சிவனுக்கென்று கடலில் விட்டவர். ஒரே மீன் அகப்பட்டு வீடு பசித்திருந்த நாளிலும் விட்டவர். மீனவர் வீட்டுப் பையன் அக்கதையைப் பெரியபுராண வகுப்பில் படித்திருந்தான். “அவர் கையில டின்னா, றீலா, சேர்?” என்று கேட்டு எம்மைச் சிரிக்க வைத்தான். வலை என்றோம்.

மறுநாட் காலை அவர்களோடு கடைக்குச் சென்றோம். மல்ரிபிளையர் பளபளத்தது, விலையும் பளபளத்தது. வாங்கியது 4000 எண்ணுள்ள, நடுத்தர விலையுடைய ஸ்பின்னிங் றீல். பெட்டியில் பத்துப் பெயாரிங் என்று பெரிதாக எழுதியிருந்ததை விடுத்து, நான்கே உள்ளதை எடுத்தோம். உப்புக்காற்றிலே துருப்பிடிக்கும் பத்துக் குண்டுவளையங்களை விடத் துருப்பிடியாத நான்கு மேலானவை. கைப்பிடியை மெல்லச் சுழற்றிப் பார்த்தோம். அரைக்கும் உணர்வு இல்லை. திருகைப் பாதி இறுக்கி நூலைக் கையால் இழுத்தோம். தொடக்கத்திலும் நடுவிலும் ஒரே சீராக வந்தது. வேறொரு றீல், அதனினும் விலை கூடியது, இச்சோதனையில் திக்கித் திக்கி வந்ததைக் கடைக்காரரே ஒப்புக்கொண்டார். வளையம் முறிந்தால் மாற்றக் கிடைக்குமா என்றும் கேட்டுக்கொண்டோம். கிடைக்கும் என்று பழைய றீல் ஒன்றைப் பிரித்துப் போட்டிருந்த பெட்டியைக் காட்டினார்.

வீட்டிலே வில்தராசு ஒன்றைக் கதவுப் பிடியிற் கட்டி, தடையைச் சரிசெய்யும் முறையைக் காட்டினோம். நூல் தாங்கும் பாரத்தின் நாலிலொன்று முதல் மூன்றிலொன்று வரை இழுப்பு வரும்போது உருளை சறுக்கத் தொடங்க வேண்டும். 6 கிலோ நூலுக்கு ஒன்றரை முதல் 2 கிலோ. பின்னிய புதுவகை நூல் சுற்றுவதாயின், அடியிலே சிறிது தங்கூசி சுற்றியபின் சுற்றுதல் வேண்டும். இன்றேல் வழவழப்பான உருளையில் முழுநூலும் வழுக்கிச் சுழலும். றீல் எவர் வீட்டில் இருப்பது என்பதில் மூவருக்கும் சிறு வழக்கு உண்டாயிற்று. கிணறு உள்ள வீட்டில் என்று தீர்த்தோம். ஒவ்வொரு மாலையும் வாவியிலிருந்து வந்ததும் திருகை இறுக்கி, நல்ல தண்ணீரை மெதுவாக ஊற்றிக் கழுவி, துடைத்து நிழலில் உலர்த்தி, பின்னர் திருகை முற்றாகத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கியபடியே கிடந்தால் உள்ளிருக்கும் வட்டுகள் நசுங்கி ஒட்டிக்கொள்ளும்.